ஏன் என்று கேட்கக்கூடாத முகாம்

கிர்கிஸ்தானின் கரகோல் நகரத் தொலைத்தொடர்பு அலுவலகத்தில் சைராகுலின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் காது கேளாத வாயிற்காவலர். இன்னொருவர் மேலாளர் குபத். அவருக்குக் காது கேட்கும், உறைக்காது.

பத்தொன்பது வருஷமாக அந்த மாவட்டத்தின் இணைய இணைப்புகளை அவள்தான் கட்டிக் காத்துவந்தாள். பனிச்சரிவில் கேபிள் அறுந்தாலும், ஆட்டிடையன் கம்பத்தில் குதிரையைக் கட்டிக் கம்பத்தையே சாய்த்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். தலைமைப் பொறியாளர் நாற்காலி காலியானபோது மட்டும் குபத்துக்கு அவள் பெயர் ஞாபகம் வரவில்லை.

"நிபுணர் நிலை சர்டிபிகேட் இருக்கறவங்களுக்குத்தான் அந்தப் பதவி. மேலிடத்து உத்தரவு," என்றார்.

உலகத்தில் ஒருசில நகரங்களில் மட்டும் நடக்கிற தேர்வு அது. எட்டு மணி நேரம், முழுக்கச் செய்முறை. நெட்வொர்க் ஒன்றைக் கட்டச் சொல்வார்கள், உடைந்த ஒன்றைச் சரிபார்க்கச் சொல்வார்கள். இலையுதிர் காலத்தில் இஸ்தான்புல் போய் எழுதினாள், தோற்றுத் திரும்பினாள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "என் லட்சணத்தைப் பாக்க," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச்சில் அலுவலகமே அவளைப் பதினைந்து நாள் தீவிரப் பயிற்சி முகாமுக்கு அனுப்பியது. இசிக்குல் ஏரிக்கரையில் கோடையில் மட்டும் ஆள் வரும் பழைய உடல்நல விடுதி. சேற்றுக் குளியல் கூடத்தில் தொட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ரவுட்டர்கள் அடுக்கிய இரண்டு இரும்புச் சட்டங்களை நிறுத்தியிருந்தார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் ஆறு பேர். பயிற்றுநன் உலுக்பெக். முப்பத்திரண்டு வயது. தன்னுடைய சான்றிதழ் எண்ணைத் தங்க ஜரிகையில் சட்டை நெஞ்சில் தைத்திருந்தான். எதிரே வருபவனுக்கு மட்டும் தெரிந்தால் போதாதென்று முதுகிலும்.

முதல் நாளே தலையணை கனத்தில் ஒரு புத்தகம் கொடுத்தான். தேர்வுக் கேள்விகள் எங்கிருந்தோ கசிந்து வந்தவை. விடைகள், அதாவது ரவுட்டரில் அடிக்க வேண்டிய கட்டளை வரிகள், அவன் எழுதியவை.

"இதை மனப்பாடம் பண்ணுங்க. நெட்வொர்க் படம் ஒண்ணு வந்தா பக்கம் நாப்பது. படம் ரெண்டு வந்தா பக்கம் தொண்ணூறு. அவ்வளவுதான் விஷயம்."

"இந்த மூணாவது வரி எதுக்கு, தம்பி?" என்று சைராகுல் கேட்டாள்.

"அக்கா, எதுக்கு, ஏன் எல்லாம் வேணாம். எக்ஸாம்ல ஏன்னு யாரும் கேக்கமாட்டாங்க."

"அப்போ கிளிய அனுப்பலாமே. டிக்கெட்டும் மிச்சம்."

யாரும் சிரிக்கவில்லை. தலைநகர் பிஷ்கேக்கில் வங்கியொன்றில் வேலை பார்க்கும் எமில்பெக் ஏற்கெனவே உதட்டை அசைத்துப் படிக்கத் தொடங்கியிருந்தான். நாலாம் நாளுக்குள் ஐந்து பேரும் ஏரிக்கரையில் உலாவிக்கொண்டே ஒப்பித்தார்கள். இழவு வீட்டுக்கு வந்துவிட்டு யார் செத்தார் என்று தெரியாமல் அழுகிற கூட்டம் போல இருந்தது அவளுக்கு.

ஒன்பதாம் நாள் நடுப்பகலில் ஏரிப் பக்கமிருந்து பெருங்காற்று அடித்தது. மின்சாரம் போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. எல்லாரும் லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தால், நெட்வொர்க் பாதியாகப் பிளந்து கிடந்தது. நடுவிலிருந்த இரண்டு ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொண்டன. ஆனால் தங்களுக்குத் தெரிந்த வழிகளின் பட்டியலைக் கொடுத்து வாங்கும் கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டன. உலுக்பெக் புத்தகத்தைப் புரட்டினான். பக்கம் நாற்பதை அடித்தான், தொண்ணூறை அடித்தான். வியர்வையில் ஜரிகை ஒட்டிக்கொண்டது.

"சோதனைக்கு அனுப்பற பிங் போகுதே! லைன் நல்லாத்தான் இருக்கு!"

"சின்ன டேட்டா பொட்டலம் போகுது. பெரிசு அனுப்பிப் பாத்தியா?" என்றாள் சைராகுல் பின்னாலிருந்து.

அவன் பார்க்கவில்லை. அவளே போய்ப் பெரிய பொட்டலங்களை அனுப்பினாள். ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒரு ரவுட்டர் பெரிய அளவை ஏற்கும்படி அமைந்திருந்தது. மற்றதில் அந்த அமைப்பை முந்தின நாள்தான் உலுக்பெக் செய்து காட்டினான், சேமிக்காமல் விட்டுவிட்டான். மின்சாரம் போனதும் அது பழைய சின்ன அளவுக்கே திரும்பிவிட்டது. ஒரே ஒரு வரி அடித்தாள். இரண்டு பக்கமும் பட்டியல்கள் ஓடத் தொடங்கின.

"கரண்ட் போனது என் தப்பா, அக்கா?"

"கரண்ட் போனது உன் தப்பில்ல, தம்பி. சேமிக்காதது உன் தப்பு. புஸ்தகத்துல அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சோ?"

இந்தத் தடவை இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். உலுக்பெக்கின் காது மடல் சிவந்தது. "என் வகுப்புக்கு இனிமே நீங்க வரவேணாம்," என்றான்.

"சந்தோஷம். நீ மதியம் வரைக்கும் தூங்கறே இல்ல? அதுவரைக்கும் அந்த ரவுட்டர்களை எனக்கு விடு."

தொல்லை விட்டால் போதுமென்று சம்மதித்தான்.

தனியாகப் பழகுவதில் ஒரு சங்கடம். தானே உடைத்ததைத் தானே கண்டுபிடிப்பது பயிற்சி ஆகாது. சேற்றுக் குளியல் கூடத்தின் பழைய பணியாள் ஜெய்னெப், ஐம்பத்தைந்து வயதுக்காரி, கோடை வரும்வரை வேலையில்லாமல் தரையையே நாளுக்கு மூன்று தடவை துடைத்துக்கொண்டிருந்தாள். சைராகுல் அறுபது துண்டுச் சீட்டுகளில் அறுபது கோளாறுகளை எழுதி மடித்து அவளிடம் கொடுத்தாள். நான் வெளியே போனதும் மூன்றை எடு, அதிலிருக்கிறபடி எழுத்தெழுத்தாக அடி, என்னிடம் காட்டாதே. அவ்வளவுதான்.

ஜெய்னெப் ஒற்றை விரலால் கோழி தானியம் பொறுக்குவதுபோல அடித்தாள். பிறகு சமையலறைக் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"பன்னண்டு நிமிஷம் ஆச்சு, பொண்ணே. அதுக்குள்ள என் மாடு கன்னே போட்டிருக்கும்."

"உன் மாட்டுக்கு ஒரே கன்னு. எனக்கு மூணு."

இப்படிப் பழகத் தொடங்கிய நாலாவது நாள் ஒரு கோளாறில் நாற்பது நிமிஷம் திணறினாள். எழுதிய அறுபதில் எதிலும் அது அடங்கவில்லை. கடைசியில் பார்த்தால், ஜெய்னெப் ஒரு முகவரியில் மூன்றுக்குப் பதில் எட்டை அடித்திருந்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றாள் ஜெய்னெப், கூசாமல்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துது. அதான் நாப்பது நிமிஷம்." சைராகுல் தலையில் அடித்துக்கொண்டாள். இஸ்தான்புல்லில் தன்னைக் கவிழ்த்தது அறியாமை அல்ல, இந்த அவசரக் கண்தான் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தாள். "இப்பதான் பள்ளிக்கூடத்துல சேத்திருக்காங்களா?" என்று ஜெய்னெப் கேட்டபோது, தன் வாய்க்கு ஈடான வாய் ஒன்று கிடைத்த திருப்தியில் அடுத்த எண்ணுக்கு விரலை நகர்த்தினாள்.

மே மாதம் ஆறு பேரும் தேர்வுக்குப் போனார்கள். தாளைத் திருப்பியதும் ஐந்து முகங்கள் வெளிறின. படம் வேறு. மூன்றாம் மணி நேரத்தில் எமில்பெக் எழுந்துபோய்விட்டான். மாலையில் சைராகுல் வெளியே வந்தபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, படமே மாறிப்போச்சு. நியாயமா இது?"

"படம் மாறும்டா. அதுக்குத்தான் எக்ஸாம்னு பேரு."

சொன்ன பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றியது. டீ வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் முடிவு வந்தது. ஆறு பேரில் தேறியது அவள் மட்டும். குபத் மூன்று மாதம் இழுத்தடித்தார். கம்பம் ஏற வேண்டியிருக்கும், பெண்ணுக்குச் சரிப்படுமா என்றார். பத்தொன்பது வருஷமாக ஏறியது யாருடைய பேய் என்று அவள் கேட்டாள். நாற்காலி கிடைத்தது.

இலையுதிர் காலத்தில் பிஷ்கேக் போகும் சிற்றுந்தின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் தன் முகத்தையே பார்த்தாள். கீழே கொட்டை எழுத்தில்: உலுக்பெக் முகாமின் வெற்றி. நின்ற இடத்திலேயே அவனுக்குப் போன் போட்டாள்.

"என் மூஞ்சிய எடுத்துடு."

"அக்கா, நீங்க என் முகாம்ல இருந்தீங்களா, இல்லையா? பொய்யா சொல்றேன்?"

பொய் இல்லைதான்.

"சரி. அப்போ பக்கத்துல ஜெய்னெப் படத்தையும் போடு. அவதான் என் வாத்தியார்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சிரி. சேமிக்காம விட்ட கதைய எல்லா இன்ஜினியர் குழுவுலயும் எழுதறேன். உன் சட்டையோட போட்டோவும் சேத்து."

நாலே நாளில் அவள் முகம் வண்டிகளிலிருந்து போயிற்று. அந்த இடத்தில் எமில்பெக்கின் முகம் வந்தது. அவன் எந்தத் தேர்விலும் தேறியிருக்கவில்லை. ஆனால் படத்தில் நன்றாகச் சிரித்தான்.