பேசாமல் நின்றவர்களுக்கு முழு உரு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார். அந்த வாயால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மூன்று வருஷம் சொல்ல முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. தீட்டு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பாடா, விட்டது சனியன் என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து குளிக்கும்போது, காலுக்கு நடுவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. உரித்த முட்டை மாதிரி வழவழவென்று, சூடாக இருந்தது. கையை உதறிவிட்டு அப்படியே நின்றேன். தண்ணீரை அள்ளி ஊற்றக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அது இல்லை. பிரமைதான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மூன்று மணிக்குக் கரும்பலகையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தபோது மெதுவாக இறங்கியது. அதிலிருந்து தினமும் அப்படித்தான். படுத்தால் உள்ளே போய்விடும், நின்றால் வரும். என்னைக் கேட்காமல் எனக்குள் ஏதோ குடியேறிவிட்டது, நான் தூங்கினால் அதுவும் தூங்குகிறது, நான் எழுந்தால் அதுவும் எழுகிறது என்றே நம்பினேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதும் நேரத்தில் அது அசைவது தெரியும். ஏதோ கட்டி, இதில்தான் சாகப்போகிறோம் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்காரரிடம் மூச்சு விடவில்லை. என்னவென்று சொல்வது, எந்த இடமென்று காட்டுவது?

கோயில் புற்றுமண்ணைக் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். வயிறு கலங்கியதுதான் மிச்சம். மூன்றாவது வருஷம், சரி, உரு வாங்கிப் போடுவோம் என்று ஒரு வெள்ளிக்கிழமை போனேன். கண்ணில் வலி என்றால் தகட்டில் அடித்த கண், வீட்டுக்குள் பாம்பு வந்தால் பாம்பு என்று வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். கோயில் வாசலில் உருக்கடைக்காரர் தட்டைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்.

"என்ன உரு வேணும் டீச்சர்? கண்ணா, காலா, தேளா?"

தட்டைப் பார்த்தேன். கை, கால், காது, வயிறு எல்லாம் இருந்தன. என்னுடையது இல்லை. பேசாமல் நின்றேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு பெண் உருவை எடுத்து நீட்டினார். தலை முதல் கால் வரை முழு உடம்பு.

"என்னய்யா இது? நான் கேட்டேனா?"

"சொல்லாம நிக்கிற பொம்பளையாளுகளுக்கு இதைத்தான் குடுக்கேன். எங்கய்யா காலத்துலருந்தே அப்படித்தான். எங்கன வலிக்குன்னு சாமிக்குத் தெரியும்லா."

"அப்படி எத்தனை பேர் வந்து நிக்கிறாங்க?"

"கண்ணை விட இதுதான் டீச்சர் அதிகமாப் போவுது."

உருவை வாங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். முன்னால் வரிசையாக முதுகுகள். இதில் யார் யாருக்கு என்னைப் போல இருக்கிறதோ? எனக்கு நேர் முன்னால் நின்றவள் நிற்கமுடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தாள். பவர்லூம் வேலை போலும், கொண்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. மூடிய கைக்குள்ளிருந்து தகட்டுப் பெண்ணின் தலை எட்டிப் பார்த்தது. என்னையறியாமல் அவள் காதருகே கேட்டுவிட்டேன்.

"சாயங்காலமானா இறங்குதா?"

அவள் திரும்பவில்லை. "உங்களுக்குமா?" என்றாள். அவளே தொடர்ந்தாள். "எங்கம்மைக்கும் இருந்துச்சு. சாவுற வரைக்கும் துணியை வச்சுக் கட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போனா. எனக்குப் புண்ணாயிட்டு அக்கா. ரத்தம் வருது."

"திருநெல்வேலியில ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. திங்கக்கிழமை காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு வந்துரு. ரெண்டு பேருமாப் போவோம்."

"வாரேன். ஆனா வீட்டுல என்னன்னு சொல்லிட்டு வர?"

"எம்மா, ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லேன்."

அதற்குள் கூட்டம் நெருக்கித் தள்ளியது. துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவள் தெருவைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை.

திங்கட்கிழமை, கல்வி ஆபீஸில் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஏழு மணி பஸ்ஸை விட்டேன், அடுத்ததையும் விட்டேன். அவள் வரவில்லை. தனியாகத்தான் போனேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கட்டியுமில்ல ஒண்ணுமில்ல. கர்ப்பப்பை இறங்கியிருக்கு. தீட்டு நிக்கிற வயசுல நிறையப் பேருக்கு வாரதுதான்" என்றார். உள்ளே ஒரு ரப்பர் வளையத்தை வைத்துவிட்டு நடக்கச் சொன்னார். நடந்தேன். இறங்கவில்லை. மூன்று வருஷம் நான் செத்துச் செத்துப் பிழைத்தது பத்து நிமிஷ வேலை! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கூட யாரு வந்திருக்கா?"

"ஒருத்தி வந்திருக்கணும்மா, வரல. ரத்தம் வருதுன்னு சொன்னா."

"ரத்தமா? அவங்களைத்தான் முதல்ல கூட்டிட்டு வந்திருக்கணும். எங்க இருக்காங்க?"

எனக்கு என்ன தெரியும்? அப்புறம் எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்த வரிசையில் போய்த் தேடினேன். முகத்தைப் பார்த்திருந்தால்தானே கண்டுபிடிக்க? காலை மாற்றி வைத்து நின்ற ஒவ்வொருத்தியும் எனக்கு அவளாகவே தெரிந்தாள். தோளைத் தொட்டால் வேறு யாரோ திரும்புவார்கள். பொய்யைச் சொல்லேன் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்ல எனக்கு ஓர் ஆபீஸ் இருந்தது. அவளுக்குச் சொல்ல ஒரு பொய்கூட இல்லை.