ரானுயியில் ஒரு ராகுகாலம்

தான் நம்பாத ஒன்றுக்கு ஒருவர் எவ்வளவு தூரம் கீழ்ப்படியலாம்? கதிர்காமநாதனை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை.

ஒக்லாந்தில் பிடியாணைகளை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர் அவர். திறமைசாலி என்று சொல்ல மாட்டேன், ஒழுங்கானவர். ராகுகாலத்தை நம்பியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் எந்தக் காரியமும் தொடங்குவதில்லை என்று மனைவி யோகராணிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கலண்டர் சமையலறையில் தொங்கியது.

1987 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, டெனி என்ற வெள்ளைக்காரரைப் பிடிக்க நகரின் மேற்கு ஓரத்திலுள்ள ரானுயிக்குப் போனார். பல வருடங்களுக்கு முன், அந்நாளைய போரொன்றை எதிர்த்து இராணுவ அலுவலகக் கதவுக்கு ஊதா வர்ணம் பூசி, பிணையில் வந்து, மதுரைக்கு ஓடி ஆறு வருடம் இருந்தவர் டெனி. இப்போது அறுபது வயது, நரைத்த பின்னல், பூசணித் தோட்டம். பகல் ஒரு மணிக்கு முன் ஆளை ஒப்படைக்காவிட்டால் கதிர்காமநாதனின் வேலை நிரந்தரமாகாது. மேலதிகாரி தெளிவாகச் சொல்லியிருந்தார்.

கதவைத் தட்டியபோது பத்தரை. ராகுகாலம் தொடங்கிவிட்டது, பன்னிரண்டு வரை புறப்பட முடியாது என்று கைதியிடம் விளக்கினார். டெனி வியப்படையவில்லை, பருப்பை அடுப்பில் வைத்தார். வெள்ளிக்கிழமை மரக்கறிதான் என்று கதிர்காமநாதன் கூச்சத்தோடு சொல்ல, தனக்கு எல்லா நாளும் அதுதான் என்றார் டெனி. இருவரும் சாப்பிட்டார்கள்.

பன்னிரண்டுக்கு அதிகாரி எழுந்தார்.

"உக்காருங்க சார். ராகுகாலம் இப்பதான் நடக்குது," என்றார் டெனி, மதுரைத் தமிழில்.

"அது முடிஞ்சுது."

"அது உங்க ஊர் கணக்கு. இங்க டிசம்பர்ல கோடை, சூரியன் ஆறுக்கு வந்து ராத்திரி எட்டரைக்குப் போகுது. பகலை எட்டாப் பிரிச்சு, வெள்ளிக்கு நாலாவது பங்கை எடுங்க."

பிடியாணையின் பின்பக்கத்தில் அதிகாரி கணக்குப் போட்டார். பதினொன்று இருபத்தாறிலிருந்து ஒன்றேகால் வரை. நல்ல நேரத்தில் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டு, கெட்ட நேரத்தில் புறப்பட நின்றிருக்கிறார்.

டெனியின் தொலைபேசியில் மனைவியைக் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ, கலண்டரிலை பன்னிரண்டு எண்டுதானே கிடக்கு," என்றார் யோகராணி. "வேலையை விட ராகுவே பெரிசு? வெளிக்கிடுங்கோ."

"ஓம்," என்று சொல்லி அவர் வைத்தார். வாக்குக் கேட்டவரே விடுவித்துவிட்டார். டெனியும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார்.

கதிர்காமநாதன் கார்ச் சாவியை மேசையில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

ஒன்றேகாலுக்குத்தான் புறப்பட்டார்கள். வேலையின் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய கட்டத்தை அவர் வெறுமையாகவே விட்டிருந்தார்.