மெதுவாக மிதிக்க வேண்டிய பெட்டி

எதிரொலியும் ரிவர்பும் ஒன்றுதான் என்று சொல்பவர்களோடு நான் இப்போது வாதாடுவதில்லை. விருப்ப ஓய்வு வாங்கியபின் வாதங்களைக் குறைத்துக்கொள்ளும்படி வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருந்தாலும் இங்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மலைக்கு எதிரில் நின்று கூப்பிட்டால் உங்கள் குரல் திரும்ப வருவது எதிரொலி. பெரிய கூடத்தில் பேசினால் பேச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் காற்றில் தங்குகிறதே, அது ரிவர்ப். இந்த வேறுபாட்டை நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோதே கற்றுக்கொண்டேன். 1991-இல், ஆடி மாதத்தில்.

கற்றுக்கொடுத்தது சித்தப்பா. பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவர் அறை. தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பிடுவதற்கு முன்பே கிட்டாரை எடுத்துவிடுவார். மின்சாரக் கிட்டார். எங்கள் கிறிஸ்தவ சபையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பார். எங்கள் சபைக்கு அப்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதன் கீழ் எந்தச் சத்தமும் பிறந்த இடத்திலேயே விழுந்து செத்துவிடும். "தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டுறாப்ல கீது" என்று அம்மா சொன்னதைச் சித்தப்பா மன்னிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. விளைச்சலைச் சபையில் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்குள் ரிவர்ப் பெடல் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில், தரையில் வைத்துக் காலால் அமுக்கும் பெட்டி அது. அமுக்கினால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தேவாலயமாகிவிடும் என்றார்.

பட்டணத்துக்குப் போய் வாங்க வேண்டும். அது பட்டணம் போய்வர உகந்த காலம் அல்ல. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நாடே அறியும். நான் விவரிக்கப் போவதில்லை. அதன் பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னாலே எதிரில் நிற்பவர் ஓரடி பின்னால் போவார். சாலையெங்கும் போலீஸ். வயர், பேட்டரி, சுவிட்ச் என்று எதைக் கையில் வைத்திருந்தாலும் கேள்வி. பக்கத்து ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒருவரை விசாரணைக்குக் கூட்டிப்போனார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தவர் கடையைத் திறக்கவில்லை, யாரோடும் பேசவும் இல்லை. அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நாங்களும் தாழ்த்திக்கொண்டோம், காரணம் தெரியாமல்.

சித்தப்பா என்னையும் கூட்டிப்போகிறேன் என்றார். அம்மா அவரை வாசலுக்கு அழைத்துப்போய் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். அவர் ஏதோ சொன்னார். எதுவும் என் காதில் விழவில்லை. உள்ளே வந்து என்னிடம் சொன்னது மட்டும் விழுந்தது: "உன் காதுதான் பாப்பா எனக்கு வேணும். வாசிக்கிறவனுக்குத் தெரியாது. கேக்குறவங்கதான் சொல்லணும்."

அன்று முழுவதும் நான் என் காதுகளைப் பற்றிய பெருமையில் இருந்தேன்.

பட்டணத்துக் கடையில் இரண்டு பெடல்கள் இருந்தன. ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. உள்ளங்கையில் அடங்கும், மூன்று குமிழ்கள், வழவழப்பு. இன்னொன்று அங்கேயே யாரோ செய்தது. கனமான இரும்புப் பெட்டி, ஒரே குமிழ், ஒரே சுவிட்ச். உள்ளே நீளமான சுருள்கம்பிகள் இருப்பதாகவும், கிட்டாரின் ஒலி ஒரு முனையில் புகுந்து கம்பி வழியே ஓடி, மறுமுனையில் மோதி மோதித் திரும்புவதாகவும் கடைக்காரர் விளக்கினார்.

"ஒரே ஒரு சுரம் வாசி சார். கைய எடுத்துடு. மிச்சம் எப்டி அடங்குதுன்னு பாரு. அதான் டெஸ்ட்டு. இத்த வுட்டுட்டு முழுப் பாட்டும் வாசிச்சா எல்லாப் பொட்டியும் நல்லாத்தான் இருக்கும்."

பிற்காலத்தில் ஆலை வேலைக்காக நான் படித்த பல சோதனை முறைகளைவிட இது நேர்மையானது. சித்தப்பா ஒரு கம்பியைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தார். முதல் பெட்டியில் ஒலி குளியலறையில் பாடுவதுபோல இருந்தது. சொன்னேன். இரண்டாவதில், மழை விட்டதும் ஏரிக்கரையில் யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது. அதையும் சொன்னேன். சித்தப்பா குமிழைக் கடைசிவரை திருப்பினார். எல்லாம் குழம்பிச் சேறானது.

"அவ்ளோ வெக்காத சார். உப்பு மாதிரி. போட்டது தெரியக் கூடாது, போடலன்னா தெரியணும்" என்றார் கடைக்காரர்.

பெட்டியை நிறுத்தச் சித்தப்பா சுவிட்சை ஓங்கி மிதித்தார். கடைக்குள் இடி இடித்தது. உள்ளிருந்த கம்பிகள் ஒன்றோடொன்று மோதி, அந்த மோதல் ஒலிபெருக்கி வழியாகப் பெரிதாகி, அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் போன ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டார்.

"மெதுவா சார், மெதுவா. முட்ட மேல கால வெக்கிறாப்ல."

எனக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தின் முன்பகுதியால் மெல்ல அமுக்கினேன். இடி இல்லை. சுவிட்ச் விழுந்த சத்தம் மட்டும். "பாப்பாக்கு வந்துட்சி பாரு" என்றார் கடைக்காரர். சித்தப்பா இரும்புப் பெட்டியையே வாங்கினார்.

திரும்பும்போது பூந்தமல்லியில் கொய்யாப்பழம் வாங்கி என் ஒயர் கூடையில் போட்டுக்கொண்டோம். பேருந்து கிளம்பியதும் நடத்துநர் யாரிடமோ சொன்னது எங்களுக்கும் கேட்டது. "முன்னாடி செக்கிங் கீது. ஒவ்வொருத்தரா எறக்கிப் பாக்குறான்."

சித்தப்பா அப்போது செய்ததை இன்றுவரை என்னால் ஒரு நடைமுறையிலும் பொருத்த முடியவில்லை. கிட்டார் உறைக்குள் கிட்டாரோடு இருந்தவரை அந்தப் பெட்டி கிட்டாரைச் சேர்ந்த பொருள். அவர் அதை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி, என் கூடையின் அடியில் வைத்து, மேலே கொய்யாப்பழங்களைப் பரப்பினார். ஒளித்து வைத்த அந்த நொடியில் அது வேறு பொருளாகிவிட்டது. "யாராச்சும் கேட்டா பழம்னு சொல்லு" என்றார். அவர் மேலுதட்டில் வியர்வை இருந்தது. ஜன்னலோரத்தில் காற்று நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் தார் டிரம்களை நிறுத்திச் சாலையைக் குறுக்கியிருந்தார்கள். ஓரத்தில் மணல் மூட்டைகள். எதிரில் ஒரு சிறிய அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா. கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் பாட்டு. எங்களை இறக்கினார்கள். கிட்டார் உறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். போகலாம் என்று நினைத்தபோது இளம் கான்ஸ்டபிள் ஒருவர் என் கூடையில் கைவிட்டு ஒரு பழம் எடுத்துக் கடித்தார். அடுத்ததாகச் செய்தித்தாள் கையில் தட்டுப்பட்டது.

"இன்னாது இது?"

"பழம்" என்றேன்.

அவர் பிரித்தார். சுவிட்ச். வயர். சதுர பேட்டரி. காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ கலகலத்தது. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோலப் பெட்டியைச் சாலையோர மண்ணில் வைத்துவிட்டுப் பின்னோக்கியே நடந்து போனார்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பேருந்து எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. கூழுக்கு நின்றவர்கள் பாத்திரங்களை விட்டு ஓடினார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். அந்த அமைதிதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. இன்ஸ்பெக்டர் சித்தப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். தெற்கத்திக்காரர்.

"என்னடே இது?"

"ரிவர்ப் சார். கிட்டாருக்கு. சபைல வாசிக்க."

"அத ஏன் கொய்யாப்பழத்துக்கு அடியில வச்ச?"

"பயந்துட்டேன் சார்."

"எதுக்குப் பயம்?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்குத்தான் சார்."

யாரும் சிரிக்கவில்லை. கோயில் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் பெட்டி என்ன செய்யும் என்று கேட்கலாம், நானே அமுக்கிக் காட்டுகிறேன் என்றார் சித்தப்பா. மைக் செட்காரர் தன் ஆம்ப்ளிஃபயரைத் தர மாட்டேன் என்று தொடங்கி, கான்ஸ்டபிளின் லத்தியைப் பார்த்ததும் வயரை நீட்டிவிட்டார்.

"ஒயர மட்டும் மாட்டிட்டு வா. சுவிட்ச்சுல கை பட்டா சுட்டுருவேன்" என்றார் இன்ஸ்பெக்டர். சித்தப்பா கிட்டாரை மண்ணில் கிடத்தி, பெட்டியில் மாட்டி, பெட்டியை ஆம்ப்ளிஃபயர் வயரில் மாட்டிவிட்டு, கைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். இன்ஸ்பெக்டர் மறுபடி காலரைப் பிடித்துக்கொண்டார். குழாய் ஒலிபெருக்கி உறுமத் தொடங்கியது.

"அமுக்கிக் காட்டட்டுமா சார்?"

"நீ அமுக்கி எனக்கு என்னடே தெரியப்போகுது? சாகத் துணிஞ்சு வந்தவனும்தான் அமுக்குவான்." இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "இவ யாரு?"

"அண்ணன் பொண்ணு சார்."

"அவ அமுக்கட்டும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். சாலையில் ஒரு வண்டியும் இல்லை. கடைசியில், "சரி சார்" என்றார்.

சந்தேகப் பொருளை யாரும் தொடக்கூடாது. ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். நிபுணர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரகடத்தில் வேலை பார்த்த ஆலையில் ஒவ்வொரு பாதுகாப்பு வாரத்திலும் நானே இதை ஒலிபெருக்கியில் வாசித்திருக்கிறேன். அன்று அவர்கள் இரண்டாவதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். என்னைத் தவிர எல்லோரையும் அப்புறப்படுத்தினார்கள்.

நான் செருப்பைக் கழற்றினேன். மண் சுட்டது. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் தொப்பிகள் மட்டும் தெரிந்தன. கான்ஸ்டபிள்கள் சாலையில் நின்ற லாரிக்குப் பின்னால் போய்விட்டார்கள். ஏன் எல்லோரும் இவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பயம் இருந்தது. ஆனால் என் பயமெல்லாம் ஓங்கி மிதித்துவிடக் கூடாதே என்பதுதான். முட்டை மேல் கால் வைப்பதுபோல. முன்பாதத்தால். காதுக்காகக் கூட்டிவந்த சித்தப்பாவின் மானம் என் காலில் இருந்தது.

கால் சொன்னபடி கேட்கவில்லை. ஓங்கி மிதித்துவிட்டேன்.

கம்பத்தின் உச்சியிலிருந்து இடி விழுந்தது. கடையில் கேட்டதுபோல் அல்ல. அது நெடுஞ்சாலையின் மேல் உருண்டு, ஏரியைத் தாண்டிப் போய், போன பிறகும் அடங்காமல் இருந்தது. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் தொப்பிகள் மறைந்தன. லாரிக்கு அடியில் யாரோ படுத்துவிட்டார்கள். மைக் செட்காரர் அம்மன் சந்நிதிக்குள் ஓடினார்.

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் நடந்துபோனது முதல் அவர் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா சொன்னார்: "மெதுவா மிதிக்கணும்னு சொன்னாங்கல்ல பாப்பா."

அதட்டல்கூட இல்லை அது. இன்ஸ்பெக்டர் காலரிலிருந்து கையை எடுத்தார்.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். மைக் செட்காரரின் சட்டைப் பையில் திருப்புளி முதலிலிருந்தே இருந்தது. சுருள்கம்பிகளைக் கண்டதும் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஏதாவது வாசிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். சித்தப்பா கிட்டாரை எடுத்தார். ஒரு சுரம்கூட ஒழுங்காக வரவில்லை. "சரி, போ. இனிமே எதையும் பழத்துக்கு அடியில வைக்காத" என்று அனுப்பிவிட்டார். இளம் கான்ஸ்டபிள் நான் விட்ட செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். கடித்த கொய்யா இன்னும் அவர் கையில் இருந்தது.

டவுன் பஸ்ஸில் சித்தப்பா இறங்கும்வரை என் கையை விடவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. ஓங்கி மிதித்ததில் கோபம் என்று நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் திறந்தேன். கடை, கொய்யா, இன்ஸ்பெக்டர், இடி, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத்தான் அமுக்கச் சொன்னார் என்பதை இரண்டாம் முறையும் சொன்னேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு முன்னறைக்கு வந்தார்.

"புள்ள கூட இருந்தா நிறுத்த மாட்டாங்கன்னு சொல்லித்தான கூட்டிகினு போன?"

சித்தப்பா தலையைத் தூக்கவில்லை. "உள்ள கம்பிதான் அண்ணி. ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதில்ல. தெரியாமத்தான புள்ளய மிதிக்கச் சொன்னாங்க." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "நீ சரின்னு சொன்னியா?"

அம்மா தரையில் உட்கார்ந்து என் வலது பாதத்தை மடியில் எடுத்து, முந்தானையால் மண்ணைத் துடைக்கத் தொடங்கினார். மண் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு இடி என்றால் பயம். அது எனக்குத் தெரியும். அதனால் நான் விளக்கினேன்.

"பயப்படாதம்மா. மெதுவா மிதிச்சா ஒண்ணும் ஆவாது."