சுழி பார்த்து வாங்கிய குதிரை

சங்கரன்கோவிலில் தீவனக் கடை வைத்திருக்கும் முப்பிடாதி, கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ராயகிரி குதிரை வியாபாரி வெள்ளத்துரையிடம் ஒரு குதிரை வாங்கினார். மாடு வாங்கியே பழகியவர், உடம்பில் முடிச்சுழியை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். எல்லாச் சுழிகளும் சரியான இடத்தில் இருந்தன. வெடிச்சத்தத்துக்கு மிரளுமா என்று அவர் கேட்கவில்லை; வெள்ளத்துரையும் சொல்லவில்லை.

முதல் ஊர்வலம் தங்கை மகன் கல்யாணம். சரவெடி வெடித்ததும் குதிரை மாப்பிள்ளையைச் சாக்கடையில் தள்ளிவிட்டு ஓடியது. அன்றிலிருந்து தங்கை அவரோடு பேசுவதில்லை.

நியாயம் கேட்கப் போனால் வெள்ளத்துரை சிரித்தார்.

"நீரு சுழியத்தான வே பாத்தீரு?"

அந்தச் சிரிப்பை முப்பிடாதி மறக்கவில்லை. ராயகிரிக்கு யார் குதிரை பார்க்கப் போனாலும் பைக்கில் பின்னாலேயே போய்விடுவார். பை நிறைய வெடி இருக்கும்.

"அண்ணாச்சி, சுழி கெடக்கட்டும். இது வெடிச்ச பொறவு வெல பேசுங்க."

அவரே பற்ற வைப்பார். குதிரை மிரண்டு கயிற்றை அறுக்கும். வாங்க வந்தவர் வந்த வழியே திரும்பிவிடுவார்.

வியாபாரம் படுத்த பிறகு வெள்ளத்துரையே கடைக்கு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம் வே நிறுத்துவீரு?"

"நீரு வித்த குதிர சாகட்டும். அன்னைக்கே நிறுத்துதேன்."

அன்று சாயங்காலம் முப்பிடாதி குதிரைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கொள்ளு வைத்தார். அதன் பல்லைப் பார்த்த கால்நடை டாக்டர், இன்னும் இருபது வருஷம் தாங்கும் என்று சொல்லியிருந்தார்.