எத்தனை பேர் என்று கேட்ட தர்சினி

தர்சினி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் துணுக்காயில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நின்று அவரைத் திட்டிக் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தேன். எத்தனையோ தரம் அழைத்தும் எடுக்கவில்லை என்பதுதான் கோபம். அங்கு வயல் செய்யும் கமக்காரருக்கும், தண்ணீர் முறையை அறிவிக்கும் எங்கள் குறுஞ்செய்திச் சேவையைத் தொடங்கலாமா என்று பேசப் போயிருந்தேன். அவர்கள் கேட்ட கேள்விக்கு அவரிடம்தான் பதில் இருந்தது. பதிவை அனுப்பி முடித்த கையோடு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. "அண்ணை, தர்சினி அக்கா விடிய மோசம் போயிட்டா" என்று வரவேற்பில் இருக்கும் பிள்ளை சொன்னார். டெங்கு என்றார். ஊற்றி வைத்த தேநீரைக் குடிக்காமலே பஸ் ஏறினேன்.

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். நான் சொல்ல வருவதும் நல்லதுதான். ஆனால் எரிச்சலை விட்டுவிட்டுச் சொன்னால் அது வேறு யாரையோ பற்றியதாகிவிடும் என்று அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளிநொச்சியில் உள்ள எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் தர்சினி தரவுத்தளப் பொறுப்பாளர். மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறிய கமக்காரக் குடும்பம். பல்கலைக்கழகத்தில் கணினி படித்து, கொழும்பில் சில காலம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். வேலையில் கெட்டிக்காரி. அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது.

எது மெதுவாக ஓடினாலும் அவர் வாயில் வருவது ஒரே கேள்விதான்: "பிளானைப் பாத்தனீங்களோ?" தரவுத்தளத்திடம் ஒன்றைக் கேட்டால் அது உடனே தேடப் போவதில்லை. முதலில் ஒரு திட்டம் போடுகிறது; அதுதான் அவர் சொல்லும் பிளான். அந்தத் திட்டத்தின் ஒவ்வொரு படியிலும் ஓர் ஆள் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார். அதற்கு ஸ்கான் என்று பெயர். இன்னொருவர் இண்டெக்ஸ் என்ற சுட்டுப்பட்டியலைப் பிடித்துக்கொண்டு வேண்டிய வரிக்கு நேரே போவார். வேறொருவர் இரண்டு பக்கமும் வந்ததைப் பொருத்துவார். அடியில் இருப்பவர் எடுத்துக் கொடுக்க, மேலே இருப்பவர் வாங்கிக்கொள்வார். ஆகவே மேலேயிருந்து வாசித்தால் ஒன்றும் விளங்காது. "உள்ளுக்கையிருந்து வெளியில வாங்கோ அண்ணை" என்பார் தர்சினி. ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். எத்தனை வரி வரும் என்று தரவுத்தளம் முன்கூட்டி நினைத்தது ஒன்று. ஓடி முடிந்தபின் உண்மையில் எத்தனை வந்தது என்பது மற்றது. நாங்கள் ஒருவரும் அந்த எண்களைப் பார்த்ததில்லை. அவர் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

ஒருமுறை திட்டத்தில் ஸ்கான் என்ற சொல்லைக் கண்டு பயந்து, நான் கண்ட கண்ட இடத்திலெல்லாம் இண்டெக்ஸ் போட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒன்றையும் காணவில்லை. எல்லாவற்றையும் அழித்திருந்தார். நான் சத்தம் போட்டபோது கதிரையைக்கூடத் திருப்பவில்லை. "முழுக்க வாசிக்கிறது குற்றமில்லை அண்ணை. எல்லாரும் வேணுமெண்டா எல்லாரையும் வாசிக்கத்தானே வேணும்" என்றார். சரிதான். ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழித்திருக்கலாம். அந்தப் பழக்கம் அவருக்குக் கடைசிவரை வரவேயில்லை.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்வோருக்கு, அவர்களுடைய வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை எப்போது என்பதை முதல்நாள் பின்னேரமே தொலைபேசிக்கு அனுப்புவது எங்கள் வேலை. முறை தெரிந்தால்தான் ஆள் போய் நின்று தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பலாம். தவறவிட்டால் அது அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும். மழைக்காலக் காலபோகத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. போன கோடைச் சிறுபோகம் தொடங்கியதும் செய்தி பிந்தத் தொடங்கியது. கடைசியில் ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் கடந்து போன பிறகுதான் செய்தி போய்ச் சேர்ந்தது. பயிர், கதிர் வெளிவரப்போகும் குடலைப் பருவத்தில் நின்ற நேரம். அடுத்த முறையும் தவறினால் அந்த வாய்க்கால்காரர் பதர்தான் அறுக்க வேண்டும்.

சேர்வர் பழசு என்றோம். அதற்கு நினைவகம் கூட்டினோம். பிறகு தொலைபேசி நிறுவனத்தில் பழியைப் போட்டோம். அடுத்த முறைக்கான செய்தி பின்னேரம் போயாக வேண்டிய நாளில், இயந்திரத்தை நிறுத்தித் திரும்பத் தொடக்கினால் போதும் என்று நான் நின்றேன். தர்சினி விடவில்லை. ஓடுகிற தேடல் ஓடி முடியட்டும், முடிந்தால்தான் உண்மையான எண் வரும் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கத் தொடங்கிவிட்டார். தொலைபேசி விடாமல் அடித்தது. எனக்கு இரத்தம் கொதித்தது.

அந்த நேரம் பார்த்து, தண்ணீர் தவறிய வாய்க்காலின் கமக்காரர் அமைப்புச் செயலாளர் இராசேந்திரம் சேற்றுக்காலோடு உள்ளே வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஐயா, உங்கட காணியில இப்ப எத்தனை பேர் வயல் செய்யினம்?" என்றார் தர்சினி.

"பிள்ளை, நான் தண்ணி வரேல்லையெண்டு வந்து நிக்கிறன். நீ காணியைப் பற்றிக் கேக்கிறாய்."

"எத்தனை பேரெண்டு சொல்லுங்கோ."

"பத்துப் பதினைஞ்சு பேர் இருக்கும். நான் அதில இல்லை. என்ர பங்கு அங்கால, வேற ஆரின்ரையோ காணியில."

தேடல் அப்போதுதான் ஓடி முடிந்திருந்தது. தர்சினி திரையை அவர் பக்கம் திருப்பினார். "இது உங்கட காணியில ஒராள்தான் நிக்கிறாரெண்டு நினைச்சுக்கொண்டிருக்குது ஐயா."

சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லாக் காணிக்கும் போதாது. ஆகவே ஒரு பகுதிக் காணிகளை மட்டும் விதைப்புக்கு எடுத்து, அவற்றை எல்லோருக்கும் பங்காகப் பிரித்துக் கொடுப்பார்கள். காலபோகத்தில் ஒரு காணிக்கு ஒருவர், சிறுபோகத்தில் ஒரு காணிக்குப் பலர். தரவுத்தளம் சரியாக மதிப்பிட வேண்டுமானால் தன் அட்டவணைகளில் என்ன இருக்கிறது என்று அவ்வப்போது எண்ணிப் பார்க்க வேண்டும். அது தானாக நடப்பதை யாரோ எப்போதோ நிறுத்தி வைத்திருந்தார்கள். காலபோகப் பதிவு முடிந்ததும் கையால் ஒருமுறை எண்ண வைப்பதோடு அலுவலகத்தில் வேலை முடிந்துவிடும்; சிறுபோகத்திலும் தரவுத்தளம் அந்தப் பழைய எண்ணையே நம்பும். எங்களில் பாதிப் பேர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பங்குக் காணி நெல்லில் சோறு தின்றவர்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இரணைமடுத் தண்ணீர் எட்டியும் பார்க்காத ஜெயபுரத்துப் பிள்ளைக்குத்தான் தோன்றியது.

காணிக்கு ஒராளாகச் சிலர்தான் வருவார்கள் என்று நினைத்த தரவுத்தளம், நெஸ்டட் லூப் என்ற பொருத்தும் முறையைத் தெரிந்தெடுத்திருந்தது. வருகிற ஒவ்வொரு பெயருக்கும் எழும்பிப் போய், தொலைபேசி இலக்க அட்டவணை முழுவதையும் வாசித்துவிட்டு வருகிற முறை அது. சிலர் என்றால் நல்லது. ஆயிரக்கணக்கில் வந்தால் விடிந்துவிடும். தர்சினி மறுபடி எண்ண வைத்தார். திட்டம் மாறி ஹாஷ் ஜோயின் வந்தது. இலக்கங்களை ஒரே ஒருமுறை வாசித்துப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, வருகிற பெயரை அதற்குரிய பெட்டியில் மட்டும் தேடுவது. நான் லேஞ்சியை எடுத்து முகம் துடைப்பதற்குள் ஓடி முடிந்தது. பொழுதுபடுவதற்கு முன் செய்தி போனது. அந்த வாய்க்கால் தண்ணீர் வாங்கியது, பயிர் தப்பியது. இராசேந்திரத்தை நிற்கவைத்துக் கேள்வி கேட்டதற்குத் தர்சினி ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.

செத்தவீட்டில் அவருடைய அம்மா நடந்ததைச் சொன்னார். காய்ச்சல் தொடங்கியதுமே இரத்தம் சோதிக்கப் போகச் சொல்லியிருக்கிறார். இது சும்மா காய்ச்சல், தானாக மாறிவிடும் என்று பனடோல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இவர் மடிக்கணினியோடு இருந்திருக்கிறார். காய்ச்சல் விட்டதும் சுகம் வந்துவிட்டது என்றிருக்கிறார். டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து என்பது இந்த நாட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நினைத்த எண்ணை நம்பாதே, வந்த எண்ணைப் பார் என்று எங்கள் உயிரை வாங்கிய மனுசி, தன் உடம்பு விஷயத்தில் மட்டும் நினைத்ததையே நம்பிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஒரு சொட்டு இரத்தம் கொடுத்திருந்தால் உண்மை எண் வந்திருக்கும். இதை நான் யாரிடம் போய்ச் சத்தம் போடுவது? முற்றத்தில் இருந்து மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன். திருப்பிக் கதைக்க ஆளில்லாத சண்டை அன்றுதான் முதல் தடவை.

இந்தச் சிறுபோகத்தில் அவருடைய வேலை என் தலையில் விழுந்தது. எண்ண வைத்தேன். திட்டத்தை உள்ளேயிருந்து வெளியே வாசித்தேன். முதல் தண்ணீர் முறைக்கான செய்தியை அனுப்பினேன். மறுநாள் காலை இராசேந்திரம் வயலிலிருந்து அழைத்து, செய்தியும் வந்தது, தண்ணீரும் வந்தது என்றார். சந்தோசம் என்று சொல்லி வைத்திருக்கலாம். எத்தனை மணிக்குச் செய்தி வந்தது என்று கேட்டேன். சொன்னார். உங்களுக்கு மட்டுமா, வாய்க்காலில் எல்லோருக்குமா என்று கேட்டேன். எல்லோருக்கும் வந்திருக்கும் என்றார்.

"வந்திருக்குமெண்டு நினைக்கிறீங்களோ, கேட்டனீங்களோ?" என்றேன்.

"அந்தப் பிள்ளை போயும் இந்தக் கரைச்சல் போகேல்லை" என்றார். "பொறும் தம்பி, கேட்டுச் சொல்லுறன்."

அவர் வரம்பில் நடந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்பது தொலைபேசியில் எனக்குக் கேட்டது. தர்சினியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, கேட்டு நச்சரிக்கும் இந்தக் கரைச்சல் ஒன்றைத்தான். அழைப்பை வைக்காமல் காத்திருந்தேன்.