வரம்பில்லாத அட்டைக்கு நூறு சதவீதம்

எங்கள் வங்கியின் கடன் பிரிவுச் சுற்றறிக்கை தெளிவாகவே இருந்தது: செலவு வரம்பு நிர்ணயிக்கப்படாத சார்ஜ் கார்டின் நிலுவையைக் கடன் பயன்பாட்டு விகிதத்தில் சேர்க்கக் கூடாது. காரணமும் எளிது. இருக்கும் நிலுவையை வரம்பால் வகுத்தால் கிடைப்பது பயன்பாட்டு விகிதம். வரம்பே இல்லாதபோது எதால் வகுப்பது? சுற்றறிக்கையை நான் படித்திருந்தேன். எங்கள் மென்பொருள் படிக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. கடன் தகவல் அறிக்கையை வரவழைத்து, அதற்கு ஸ்கோர் போடும் மென்பொருளைத் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் கொடுத்திருந்தது. உத்திரமேரூர் கிளையில் நான் கடன் அதிகாரி. கடைத்தெருவில் மோட்டார் பம்பும் பைப்பும் விற்ற பஷீர் பாய் எங்கள் பழைய வாடிக்கையாளர். வாடகைக் கடை, இருபது வருஷத்துக்கு மேல் அதே இடம். கட்டட உரிமையாளர் கோதண்டம் அதை விற்க முடிவு செய்தபோது, முதலில் பாயிடம்தான் கேட்டார். ஆனால் ஆவணி முடிவதற்குள் பணம் வேண்டும் என்றார். வாலாஜாபாத் அரிசி ஆலைக்காரர் ஒருவர் ரொக்கத்தோடு காத்திருந்தார்.

பாய் கடனுக்கு விண்ணப்பித்தார். வருமான வரிக் கணக்கு, மூலப் பத்திர நகல், வில்லங்கச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. மேனேஜர் சுகந்தி, சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

“சார், ஸ்கோர் கட்-ஆஃபுக்குக் கீழ இருக்கு. ரிஜெக்ட் ஆயிடுச்சு.”

“ஒரு மாசம்கூட தவறாத ஆள் மேடம் அவர்.”

“யூட்டிலைசேஷன் நூறு சதவீதம்னு காட்டுதே. கார்டை ஒட்டத் தேய்ச்சிருக்காரு.”

அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சார்ஜ் கார்டு. அதில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு மீதியை இழுத்துக்கொண்டு போக முடியாது. மாதாமாதம் பில்லை முழுசாகத் தீர்த்தாக வேண்டும். முன்கூட்டிச் சொன்ன வரம்பும் கிடையாது. அதனால் கார்டு நிறுவனம் வரம்புக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தது. எங்கள் மென்பொருளுக்கு வெறுங்கட்டம் ஆகாது. பக்கத்துக் கட்டத்தில் இருந்த ‘இதுவரையிலான அதிகபட்ச நிலுவை’யை எடுத்து வரம்பாக வைத்துக்கொண்டது.

பாயைக் கூப்பிட்டனுப்பினேன்.

“இன்னா சார் இது பேஜாரு? மாசாமாசம் முழுசா கட்டிக்கினு வர்றேன். ஒரு பைசா பாக்கி கீதா?”

“கட்டினதெல்லாம் சரி பாய். போன மாச பில் மட்டும் ஏன் இவ்வளவு பெருசு?”

அவர் முகம் மலர்ந்தது. “லோனுக்காகத்தான் சார்! எப்பவும் பாதி சரக்கு ரொக்கத்துல எடுப்பேன். இந்த வாட்டி, நம்ம பேரு பேங்க்குக்குப் பெருசா தெரியட்டும்னு, ஆடிப் பட்டத்துச் சரக்கு மொத்தத்தையும் கார்டுலயே தேய்ச்சேன்.”

கடைத்தெரு வழக்கப்படி அவர் செய்தது சரி. பாரிமுனை மொத்த வியாபாரியிடம் பெரிதாகச் சரக்கெடுத்து, சொன்ன நாளில் முழுசாகத் தீர்ப்பவருக்கு அடுத்த முறை கேட்காமலே சரக்கு வரும். எங்கள் மென்பொருள் பாரிமுனையில் வியாபாரம் பழகியதில்லை. பில் போடும் தேதியில் இருக்கும் நிலுவைதான் அறிக்கைக்குப் போகும். பாய் கட்டுவதோ கெடுவின் கடைசி நாளில். அந்த மாத நிலுவையே இதுவரையிலான அதிகபட்சமும் என்பதால், வரம்பும் நிலுவையும் ஒரே தொகையாக நின்றன. இன்னொரு கார்டு சும்மா கிடந்திருந்தாலாவது விகிதம் இறங்கியிருக்கும். பாய் தேவையில்லாமல் கார்டு வாங்காதவர். அதற்கும் தண்டனை.

“அப்போ கொஞ்சமா வாங்கினா நல்லவன், நெறைய வாங்கிக் கட்டினா கெட்டவனா சார்?”

“மென்பொருளுக்கு அப்படித்தான்.”

“இதுக்கு எங்க மாமனாரே தேவலாம். அவரு காரணம் சொல்லிட்டுத்தான் திட்டுவாரு.”

இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் தொடங்கினோம். அடுத்த பில் தேதிக்கு முன்பே கார்டுக் கணக்கைத் தீர்க்கச் சொன்னேன்; பாய் அன்றே காஞ்சிபுரம் போய்க் கட்டிவிட்டு வந்தார். இன்னொரு பக்கம், சுற்றறிக்கையை மேற்கோள் காட்டி, விதிவிலக்கு அனுமதி கேட்டுக் குறிப்பு எழுதினேன்.

“சர்க்குலர் பழசு சார், சிஸ்டம் புதுசு” என்றார் சுகந்தி.

“பழசை ரத்து பண்ணி எதுவும் வரலையே மேடம்.”

கையெழுத்துப் போட்டார். குறிப்பு வட்டார அலுவலகம் போய், தலைமை அலுவலகம் போய், கணினிப் பிரிவுக்குப் போயிற்று. கணினிப் பிரிவு, கார்டின் வரம்பைத் தெரிவிக்குமாறு எங்களையே கேட்டது. வரம்பு இல்லை என்று எழுதினோம். இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். அதையும் அனுப்பினோம்.

ஆவணி முடிந்தது. கோதண்டம் கிளைக்கே வந்தார்.

“பாய் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல சார். பொண்ணு கல்யாணத்தை வெச்சிக்கினு கீறேன். இன்னும் எவ்ளோ நாளு நிக்கிறது?”

அவர் கேட்டதில் தவறில்லை. புரட்டாசி முதல் வாரத்தில் கடை ஆலைக்காரர் பெயருக்குப் பதிவாயிற்று. அவருக்கு அங்கே தவிட்டுக் கிடங்கு வேண்டியிருந்தது. பாய் பம்புகளை மாட்டு வண்டியில் ஏற்றி, பேருந்து நிற்காத ஒரு தெருவுக்குக் கடையை மாற்றினார்.

புது அறிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. நிலுவை ஏறக்குறைய இல்லை. ஸ்கோர் கட்-ஆஃபுக்கு வெகு மேலே.

“இப்போ லோன் தரலாம் சார்” என்றார் சுகந்தி.

“எந்தக் கடையை வாங்க மேடம்?”

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். சார்ஜ் கார்டை எல்லா ஸ்கோர் முறைகளும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சில விகிதத்தில் சேர்ப்பதே இல்லை. சில, அதிகபட்ச நிலுவையை வரம்பாக்கிவிடும். உங்களுடையது எந்த வகை என்று விண்ணப்பம் வாங்கும் முன்பே கேளுங்கள். கடன் கேட்கப்போகிறவரிடம், சில மாதங்களுக்கு முன்பிருந்தே கார்டுச் செலவை அடக்கி, பில் போடும் தேதிக்கு முன்பே கட்டச் சொல்லுங்கள். கெடுவுக்குள் கட்டினால் தவணை தவறியதாக வராது. ஆனால் அறிக்கையில் ஏறிவிட்ட நிலுவை அந்த மாதம் இறங்காது.

தலைமை அலுவலகமும் பதில் எழுதியது. வரம்பற்ற அட்டையின் நிலுவையைச் சேர்த்தது விதிக்கு முரண் என்றும், விண்ணப்பதாரருக்கு மேற்படி கடையை வாங்கக் கடன் வழங்கத் தடையில்லை என்றும் அதில் இருந்தது. கடிதம் கிளைக்கு வந்து சேர்ந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்.