மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்

எங்கள் தெருமுக்கில் ஒரு மளிகைக்கடை இருக்கிறது. கசங்காத வேட்டியில் வெளியூர் ஆள் ஒருவர் அங்கே நின்று, ஒரு சோடாவை ஆற அமரக் குடித்துக்கொண்டே, "இந்தப் பக்கம் எடம் ஏதாச்சும் வெலைக்கு வருதுங்களா?" என்று கேட்டால், அவருக்கு இடமும் வேண்டாம், வீடும் வேண்டாம். மாப்பிள்ளை விசாரிக்க வந்திருக்கிறார். பெண் கொடுப்பதற்கு முன்னால் பையன் வீட்டு அக்கம்பக்கத்தில் போய், வேறு எதையோ கேட்பதுபோலக் கேட்டு, குடும்பம் எப்படி என்று தெரிந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். வந்தவர் எதற்கு வந்தார் என்று கடைக்காரருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது வந்தவருக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். நல்ல கூத்து.

நான் சிரிக்கக் கூடாது. என் பிழைப்பே அதுதான். கம்ப்யூட்டர் போர் விளையாட்டுகளில் வேவு பார்க்கும் முறைகளை வடிவமைப்பது என் வேலை. கம்பெனி பெங்களூரில், நான் கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலை தெரியும் ஜன்னலோரம். சொந்தக்காரர்களிடம் சொன்னால், "அட, கேம் ஆடறதுக்குச் சம்பளங்களா!" என்பார்கள். விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இங்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு படையைக் கட்டி மோதும் ஆட்டம் அது. வரைபடம் முதலில் முழுக்கக் கறுப்பாக இருக்கும். ஆள் அனுப்பிப் பார்த்த இடம் மட்டும் வெளிச்சமாகும். ஆள் திரும்பியதும் அந்த இடம் சாம்பல் நிறத்துக்கு மாறி, கடைசியாகப் பார்த்தபோது என்ன இருந்ததோ அதையே காட்டிக்கொண்டிருக்கும். எதிரி தன் கட்டடத்தை எப்போதோ இடித்திருப்பான். மறுபடி போய்ப் பார்க்கும் வரை உங்கள் திரையில் அது நின்றுகொண்டேயிருக்கும். எங்கள் குழுவில் அதைப் பேய்வீடு என்போம். ரேடார் வேறு மாதிரி. ஒரு வட்டத்துக்குள் ஏதோ அசைகிறது என்று புள்ளி வைக்கும். அது பீரங்கியா மாட்டுவண்டியா என்று அதற்குத் தெரியாது.

இந்த ஆட்டத்தில் யார் பக்கமும் சேராத ஊர்கள் உண்டு. வேவுக்காரன் அங்கே போய் எதிரியைப் பற்றி விசாரிக்கலாம். ஊர்க்காரர்கள் சில சமயம் பொய் சொல்லும்படி வைக்கலாம் என்று நான் சொன்னேன். டீம் லீட் ஒத்துக்கொள்ளவில்லை. "எதிரி பொய் சொல்லலாம். ஊர்க்காரன் எதுக்குப் பொய் சொல்லணும்? அவனுக்கு என்ன கிடைக்குது?" என்றார். ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் சொல்வான். எனக்கு அதை விளக்கத் தெரியும். ஆனால் விளக்க வேண்டுமென்றால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடியோ காலில், அத்தனை முகங்களுக்கு முன்னால், எப்படிச் சொல்வது? மைக்கை அணைத்துவிட்டேன்.

அக்காவுக்கு ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வரன் வந்தபோது நான் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தனியாகப் போய் விசாரித்தார். டீக்கடை, மாவு மில், டெய்லர் என்று ஓர் இடம் விடவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "தங்கமான குடும்பமுங்க, கண்ணை மூடிட்டுக் குடுங்க." கொடுத்தோம்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்கா போன் பேசினால் பின்னால் டிவி அலறும். "கொறைக்கச் சொல்லுக்கா, ஒண்ணும் கேக்கல" என்பேன். "அத்தைக்குக் காது மந்தம் சாமி" என்பாள். அடுத்த ஆடியில் அவள் செத்துப்போனாள். வயிற்றுவலி என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் நாங்களும் அதையேதான் சொன்னோம். அன்று பந்தலின் ஒரு மூலையில் பெரியம்மா ஏதோ முணுமுணுத்தார். எதிர்மூலையில் உட்கார்ந்திருந்த அக்காவின் மாமியார் அதைக் கேட்டுப் பட்டென்று பதில் சொன்னார். அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த டிவி எதற்கு அலறியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காரியம் முடிந்ததும் அப்பா அந்த டீக்கடைக்கு மறுபடி போனார். எதுவும் கேட்கவில்லையாம். டீயை வாங்கிக் குடிக்காமல் நின்றிருக்கிறார். டீக்கடைக்காரரே தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம்: "அந்தப் பையன் கை நீட்டறவன்னு ஊருக்கே தெரியுமுங்க. ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதுக்குன்னு சொல்லலீங்க." அப்பா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. வீட்டுக்கு வந்து, "அவன் எடத்துல நானா இருந்தாலும் அதையேதான் கண்ணு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சொன்ன அந்தப் பேச்சு மட்டும் என்னை விடவில்லை. குளிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அப்பா குரலிலேயே வந்துவிடும்.

கல்யாணமாகி நானும் என் மனைவியும் இந்தத் தெருவுக்குக் குடிவந்த முதல் வாரமே எதிர்வீட்டில் டிவி அலறியது. நான் கையில் எடுத்த சாப்பாட்டை அப்படியே தட்டில் போட்டுவிட்டேன். எதிர்வீட்டில் அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேர். மகன் சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தான். பார்க்க லட்சணமான பையன். தெருவில் நடந்தால் எல்லாருக்கும் வணக்கம் வைப்பான். சத்தம் ஏறிய மறுநாளெல்லாம் அந்த அம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வாசல் கூட்டுவார். மகன் அடிப்பது தெருவுக்கே தெரியும், ஆனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நான் ஆட்டத்துக்குள் ஜாமர் என்று ஒன்றைக் கொண்டுவந்தேன். ரேடாரைக் குழப்பும் கருவி. அதை வைத்தால் எதிரிக்கு உங்கள் இடம் தெரியாது, வெறும் இரைச்சல்தான் தெரியும். ஆனால் இரைச்சல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். லீடுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எங்கிருந்து இந்த யோசனை வந்தது என்று கேட்டார். சும்மா தோன்றியது என்றேன்.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் ஒருவர் வந்தார். தோளில் துண்டு. மளிகைக்கடையில் சோடா, அடுத்து அயர்ன் கடை, அடுத்து பால்காரர். தெருப்பக்க ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். கடைசியில் எங்கள் கேட்டைத் தட்டி, "கொஞ்சம் தண்ணி குடுப்பீங்களா சாமி?" என்றார். உள்ளே உட்காரவைத்தேன். சொம்பை வாங்கிக் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்த விதம் அப்படியே அப்பா.

"பரமத்திப் பக்கமுங்க எங்க ஊரு" என்றார். "எடம் ஒண்ணு பாக்கலாம்னு வந்தேன். எதுத்த ஊட்டுக்காரங்க எப்படீங்க, நல்ல மாதிரிங்களா?"

சமையலறை வாசலில் நின்ற என் மனைவி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஐயா, நீங்க எடம் பாக்க வரல. பொண்ணு குடுக்கப் பாக்கறீங்க. குடுக்காதீங்க" என்றேன்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "உங்களுக்கும் அவங்களுக்கும் ஏதாச்சும் மனத்தாங்கலுங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க."

"நான் அவங்க வாசப்படிகூட ஏறினதில்லீங்க. அந்தப் பையன் பெத்த தாயவே அடிக்கறான். எனக்கும் ஒரு அக்கா இருந்தாங்க. எங்கப்பாவும் உங்களாட்டம்தான் கடை கடையா விசாரிச்சாரு." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடைக்காரர் சொன்னது வரைக்கும். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்க சாமி. வாரேனுங்க" என்று எழுந்து போனார். தெருமுக்கு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மனைவி என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, ஊர்ல அத்தனை பேரும் வாய மூடிட்டு இருக்காங்க, உங்களுக்கு மட்டும் எதுக்குங்க இந்த வம்பு? நாளைக்கு அவங்க வந்து சண்டைக்கு நின்னா?" நிற்கட்டும் என்றேன். அன்று அப்பாவின் குரல் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

வைகாசியில் எதிர்வீட்டு வாசலில் வாழைமரம் கட்டினார்கள். வேறு பெண்ணாக இருக்கும் என்று நினைத்தேன். மணப்பெண் காரிலிருந்து இறங்கியபோது அவள் பக்கத்தில் அதே துண்டு, அதே ஆள். என்னைப் பார்த்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அட மனுஷா, கேட்டது நீங்கள்தானே!

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அந்தப் பெண் உறைமோர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்லூரி முடித்த வயது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மனைவி அதை வாங்கிக்கொண்டு மோர் எடுக்கப் போனதும் என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானுங்களா அந்த அண்ணன்?"

"எந்த அண்ணன்மா?"

"வேண்டாம்னு சொன்னவரு. எங்கப்பா சொன்னாருங்க. எல்லாரும் நல்லவிதமாச் சொன்னாங்களாம், ஒரே ஒருத்தருதான் மாத்திச் சொன்னாராம். அத்தன பேரு பொய்யா சொல்லுவாங்கன்னு எங்க தாய்மாமா கேட்டாராம். அப்பாவும் சரின்னுட்டாரு."

"நீ என்னம்மா சொன்ன?"

"அந்த ஒருத்தரு சொல்றதுதான் நெசமா இருக்கும்னேங்க. நெசம்னு தெரியாம யாரு அப்படிச் சொல்லுவாங்க? பத்திரிகை அடிச்சாச்சுன்னாங்க."

அவள் அழவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மோரு எங்க ஊட்லயே இருக்குதுங்க. இந்த ஊடு எதுன்னு பாக்கத்தான் வந்தேன். ஒரு நேரம் போல நான் ஓடியாந்தா, கதவைத் தொறப்பீங்களா?"

"தொறப்போம் சாமி" என்றாள் என் மனைவி, பின்னாலிருந்து. நான் வாய் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டாள். கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு கேட்டைப் பூட்டுவதில்லை. ஊருக்குப் போகவேண்டி வந்தால் இரண்டு பேரில் ஒருவர் இருந்துகொள்கிறோம். வேலை செய்யும்போது மேசையை மலைப் பக்கத்திலிருந்து தெருப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன். எதிர்வீட்டில் இப்போதெல்லாம் சத்தமே இல்லை. அந்தப் பெண் கோலம் போடுகிறாள், துணி உலர்த்துகிறாள், நிமிர்ந்து எங்கள் வீட்டைப் பார்ப்பதில்லை. இன்னும் அவள் வரவில்லை. நன்றாக இருப்பதால் வரவில்லையா, வரமுடியாமல் வரவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.